பதினேழாம் இலக்கம்

ஓர் ஒல்லாந்தர் எப்போதோ வரைந்த படம்.
கறுப்புக் கோடுகள், இடையில் சிவப்பு, மஞ்சள், நீலம்,
மிச்சமெல்லாம் வெள்ளை.
கோட்டையும் கால்வாயும் விட்டுப் போனவர்கள்
இதையும் பின்னால் அனுப்பியிருக்கிறார்கள் என்று
ருஸ்னா சிரித்தாள்.
கறுவாத்தோட்டத்துப் பூங்காவில்
இருபதடிக்கு முப்பதடி,
அதைச் செடியால் செய்ய வேண்டும்.
திறப்பு விழா நவம்பர் கடைசி.
தெரிவு செய்வது நான்.

பத்தரமுல்லை நாற்றுமேடைகளில் மூன்று நாள் அலைந்தேன்,
பொருத்தம் பார்க்கச் சாதகம் கொண்டுபோவதைப் போல
படத்தை உறையில் போட்டுக்கொண்டு.
வெட்சி, பூக்காத கிழமைகளில் வெறும் பச்சைச் சதுரம்.
மஞ்சள் துராந்தா நிழலில் நின்றால்
தன் நிறத்தை மறந்துவிடும்.
கறுப்புக்குப் புல்லொன்று சொன்னார்கள்,
குளிர்நாட்டுப் புல்; கொழும்பு வெயிலுக்கு இரண்டு கிழமை.
கருஞ்சேம்பு வாங்கினேன்.
அதற்குக் கோடென்றால் என்னவென்றே தெரியாது,
யானைக்காதாய் விரியும்.
நீலம்தான் பெரும்பாடு.
நீலமென்று காட்டியதெல்லாம் ஊதா.
சங்குப்பூ? காலையில் சரி, பின்னேரம் சுருங்கிவிடும்.
பூங்கா பூட்டும்வரை படம் படமாக இருக்கவேண்டும்
என்றார் பணிப்பாளர் வெத்தசிங்க.

சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில்
ஆளுயரக் கம்பிவலை.
அதில் ஏற ஒரு கொடி வேண்டும்.
எதுவென்று எனக்கு முதல்நாளே தெரியும்.
மஞ்சளாய் விரிந்து சிவப்பாய் முடிகிற பூ.
இலையின் நுனியே சுருண்டு கம்பியைப் பிடிக்கும்.
இந்தப் பக்கத்து நிறம்
எந்த விடியலில் அந்தப் பக்கத்து நிறமானதென்று
யாரும் கையும் களவுமாய்ப் பிடிக்க முடியாது.

பட்டியலில் பதினேழாம் இலக்கம்:
குளோரியோசா சுபேர்பா.
முன்னிருந்த பதினாறையும் ஊர்ப்பெயரில் எழுதியவள்
இதை மட்டும் லத்தீனில் எழுதியிருந்தேன்.
அதை முதலில் கவனித்ததும் நான்தான்.

பேனை ஒவ்வொரு வரியாய் இறங்கி
பதினேழில் நின்றது.
"இதற்குத் தமிழில் என்ன?"
சாதாரணமாகத்தான் கேட்டார்,
உங்களுக்கு எந்த ஊர் என்று கேட்பார்களே,
அப்படி.
"கிழங்கு நஞ்சு, சேர்.
பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். எடுத்துவிடலாம்."
பொய்யில்லை.
அடிமட்டம் வைத்து என் கையாலேயே வெட்டினேன்,
படத்தில் இருப்பதைப் போலவே
நேராக, கறுப்பாக.

திறப்புக்கு மூன்று நாள் இருக்க, மழை விட்ட காலையில்
கம்பிவலையில் ஏதோ எரிந்தது.
ஜயதிஸ்ஸ மண்கையைச் சாரத்தில் துடைத்தபடி வந்தார்.
"இந்த இடம் சும்மா கிடந்தது, மிஸ்.
நியங்கலா. களனியில் எங்கள் வேலியில் நின்றது,
கிழங்கு கொண்டுவந்து ஓகஸ்டிலேயே புதைத்துவிட்டேன்.
வடிவில்லையா?"
அவர் சிங்களத்தில் சொன்னதால்
ஒரு கணம் அது
ஒன்றும் அறியாத பூவாக இருந்தது.
வடிவுதான் என்றேன்.
சேம்பிலையில் தேங்கிய மழைநீரை
விரலால் தட்டிவிட்டுக்கொண்டு நின்றேன்.

வெத்தசிங்க வந்து நெடுநேரம் பார்த்தார்.
பிடுங்கச் சொல்லவில்லை. நஞ்சைப் பற்றியும் பேசவில்லை.
"பெயர்ப்பலகை மூன்று மொழியிலும் வேண்டும்," என்றார்,
"தமிழ் எழுத்துப்பிழை இல்லாமல்."

சிங்களம் எழுதியாகிவிட்டது.
ஆங்கிலத்துக்கு லத்தீன் போதுமென்று விட்டாயிற்று.
தமிழில் இரண்டு பெயர்.
ஒன்று பாடநூலில் படித்தது,
மலையும் தேனும் மணக்கும், யாரையும் திரும்பிப் பார்க்க வைக்காது.
மற்றது வீட்டில் சொல்வது.
இந்த மாதம் அதற்குள் இருக்கிறது.

பலகையில் ஒரு வரிக்குத்தான் இடம்.
ருஸ்னா தூரிகையோடு குந்தியிருக்கிறாள்.
"கெதியாச் சொல்லுங்க,
பெயின்ட் காயுது."